இடம் கொடுத்தவர் பொறுப்பாவாரா?
நாடகக் கொட்டகையிலிருந்து வீடியோத் தளம் வரை

ஓர் ஊரில் ஒரு நாடகக் கொட்டகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொட்டகைக்காரர் வாடகை வாங்கிக்கொண்டு ஒரு குழுவுக்கு மேடையை விடுகிறார். அக்குழு வேறொருவர் எழுதிய நாடகத்தை அவருடைய அனுமதியின்றி நடித்துவிடுகிறது. நடித்தவர்கள் தவறு செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் மேடையை விட்டவர்? அவரும் தவறில் பங்குடையவரா? அல்லது, ‘நான் இடம்தான் கொடுத்தேன், நாடகம் யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்?’ என்று அவர் விலகிக்கொள்ளலாமா?

நூறு ஆண்டுகளுக்கு முன் சட்டம் சந்தித்த வினா இது. இன்று யூடியூப் போன்ற தளங்களில் யார் வேண்டுமானாலும் தாம் எடுத்த வீடியோவையும், தாம் எடுக்காத வீடியோவையும் ஏற்றிவிட முடிகிறது. ஏற்றுபவர்கள் கோடிக்கணக்கானோர், இடம் கொடுக்கும் நிறுவனமோ ஒன்று. பழைய கொட்டகைக் கேள்வியே புது உருவில் மீண்டும் நம் முன் நிற்கிறது. அதற்கு விடை தேடிச் சட்டமும் அறிவியலும் நடந்து வந்த பாதையை இக்கட்டுரையில் காண்போம்.

அச்சகமும் கொட்டகையும்

நகல் எடுக்கும் கருவி பெருகும்போதெல்லாம் பதிப்புரிமைச் சட்டமும் கூடவே வளர்ந்திருக்கிறது. அச்சு இயந்திரம் பரவிய பின், 1710-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வந்த சட்டம் நூலாசிரியருக்குத் தம் நூலின்மீது 14 ஆண்டு உரிமையை அளித்தது. அவர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகள் கிடைக்கும். இந்தியாவில் 1847-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின்போது முதல் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. பின்னர் 1914-ஆம் ஆண்டுச் சட்டமும், விடுதலைக்குப் பின் நம் நாடாளுமன்றம் இயற்றிய 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் 1958 ஜனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பலமுறை திருத்தப்பட்டு, இன்றும் அதுவே நடப்பில் உள்ளது.

அச்சு நூலைப் பொறுத்தவரை ‘யார் பொறுப்பு?’ என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருந்தது. 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம், ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருக்க வேண்டும் என்று விதித்தது. பழைய தமிழ் நூல்களின் முதற்பக்கத்தில் அச்சுக்கூடத்தின் பெயர் தவறாமல் காணப்படுவதற்கு இதுவே காரணம். நூலைக் கையில் எடுத்தவுடன் பொறுப்பாளரின் முகவரியும் கிடைத்துவிடும்.

நாடகத்தின் நிலை வேறு. அது நடித்து முடிந்ததும் காற்றில் கலந்துவிடுகிறது. நாடகக் குழு அடுத்த ஊருக்குப் போய்விடும். கொட்டகை மட்டும் அங்கேயே இருக்கும். ஆகவே எழுத்தாளர்கள் கொட்டகைக்காரரைப் பிடிக்க முயன்றனர். 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் இதற்கு ஒரு நடுவழி கண்டது. தம் ஆதாயத்துக்காகக் கொட்டகையை அனுமதியற்ற நாடகத்துக்கு விடுபவரும் பொறுப்பாவார். ஆனால் அது அனுமதியற்றது என்று அவருக்குத் தெரியாமலும், அப்படிச் சந்தேகிக்க நியாயமான காரணம் இல்லாமலும் இருந்தால் அவர் பொறுப்பாகமாட்டார். இதுவே 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. பின்னர் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவில் இடம்பெற்றது.

இந்த விதியில் இரண்டு சொற்கள் முக்கியமானவை. ஒன்று ஆதாயம், மற்றொன்று அறிவு. இடம் கொடுத்தவர் ஆதாயம் பெற்றாரா? தவறு நடப்பதை அறிந்திருந்தாரா? பின்னால் வந்த வழக்குகள் எல்லாம் இவ்விரு அச்சுகளைச் சுற்றியே சுழன்றன எனலாம்.

கேசட்டு வந்த காலம்

1970-களின் இறுதியிலும் 1980-களிலும் ஒலி கேசட்டும் வீடியோ கேசட்டும் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. அதுவரை ஒரு திரைப்படத்தை நகலெடுக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. வீடியோ கேசட்டு வந்தபின் இரண்டு கருவிகளும் ஒரு கம்பியும் போதுமானவையாயின. படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கேசட்டு வீடியோ கடைக்கு வந்துவிடும். திருமண வீட்டிலும் திருவிழாவிலும் வாடகைத் தொலைக்காட்சிப் பெட்டியில் இரவு முழுவதும் படம் ஓடியதை மூத்த வாசகர்கள் நினைவுகூர்வர்.

இதற்கு மறுமொழியாக 1984-ஆம் ஆண்டில் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. குறைந்தது ஆறு மாதமும் அதிகமாக மூன்று ஆண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கேசட்டின்மீதும் அதன் உறையின்மீதும் தயாரித்தவர், உரிமையாளர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. நூலின் முதற்பக்கத்தில் அச்சகத்தின் பெயரைக் கேட்ட பழைய விதியின் மறுபிறவியே இது. 2004-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இன்னும் ஒரு படி முன்னே சென்றது. ‘குண்டர் சட்டம்’ என்று மக்கள் அழைக்கும் 1982-ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டத்தில் திருட்டு வீடியோ தயாரிப்போரையும் சேர்த்தது.

ஆயினும் கேசட்டுக்கு ஓர் எல்லை இருந்தது. நகலின் நகல், அதன் நகல் என்று போகப்போகப் படம் மங்கும், ஒலி கரகரக்கும். மேலும் கேசட்டு என்பது கையில் பிடிக்கக்கூடிய பொருள். கடையைச் சோதனையிட்டால் அகப்படும். எண்முறைப் பதிவு இவ்விரண்டு எல்லைகளையும் தகர்த்தது. அதில் படமும் ஒலியும் வெறும் எண்களின் வரிசை. எண்ணை எத்தனை முறை நகலெடுத்தாலும் அது தேய்வதில்லை. ஆயிரமாவது நகலும் முதல் பதிவைப் போன்றே இருக்கும். அதைக் கொண்டுபோக வண்டியும் வேண்டியதில்லை, கம்பி போதும்.

புது வகைக் கொட்டகை

இணையம் பரவத் தொடங்கியபோது அமெரிக்கா 1998-ஆம் ஆண்டில் ஒரு புதிய சட்டம் இயற்றியது. அதன் சாரம் ஓர் உடன்பாடு போன்றது. பிறர் ஏற்றும் பொருளுக்கு இடம் கொடுக்கும் நிறுவனம் அவற்றை எல்லாம் முன்கூட்டியே சோதிக்க வேண்டியதில்லை. ஆனால் உரிமையாளர், ‘இன்ன இடத்தில் உள்ள இன்ன பதிவு என்னுடையது’ என்று குறிப்பாகத் தெரிவித்தால் உடனே நீக்க வேண்டும். நீக்கப்பட்டவர் ‘இது தவறு’ என்று எதிர் அறிவிப்புக் கொடுக்கலாம். உரிமையாளர் வழக்குத் தொடராவிட்டால் பதிவை மீண்டும் வைக்க வேண்டும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தன் 79-ஆம் பிரிவில் இதே போன்ற ஒரு பாதுகாப்பை இடைநிலை நிறுவனங்களுக்குக் கொடுத்தது. 2008-ஆம் ஆண்டின் திருத்தத்தால் அப்பிரிவு விரிவாக்கப்பட்டது.

2005 ஏப்ரல் 23 அன்று யூடியூப்பில் முதல் வீடியோ ஏற்றப்பட்டது. மிருகக்காட்சிசாலையில் யானைகளின் முன் ஓர் இளைஞர் நின்று பேசும் 19 விநாடிக் காட்சி அது. ஓராண்டு கடந்து 2006 அக்டோபரில் கூகுள் நிறுவனம் அத்தளத்தை 165 கோடி டாலர் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் வயாகாம் என்ற பெரிய ஊடக நிறுவனம் 100 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. ‘எங்கள் நிகழ்ச்சிகள் அங்கே குவிந்து கிடக்கின்றன; அவர்களுக்கு அது தெரியும்’ என்பது வயாகாமின் வாதம். ‘எந்தப் பதிவு என்று குறித்துச் சொன்னால் நீக்குகிறோம்; பொதுவாகத் தெரியும் என்பது போதாது’ என்பது எதிர்வாதம். 2010-லும் 2013-லும் கீழ் நீதிமன்றம் யூடியூப்பின் பக்கம் தீர்ப்புக் கூறியது. இடையே 2012-ல் மேல்முறையீட்டு மன்றம், கண்டும் காணாதது போல் இருப்பதும் அறிந்ததற்குச் சமமாகலாம் என்று எச்சரித்தது. 2014-ல் இரு தரப்பும் சமாதானமாயின.

‘கொலவெறி’ கற்பித்த பாடம்

இனி நம் ஊர் வழக்கு ஒன்றைக் காண்போம். ‘3’ என்ற தமிழ்ப் படத்தின் ‘கொலவெறி’ப் பாடலை அறியாதவர் இல்லை. 2011 நவம்பரில் அப்பாட்டின் முழுமை பெறாத பதிவு ஒன்று இணையத்தில் கசிந்துவிட்டது. உரிமையாளர்கள் தடுத்துப் பயனில்லை என்று கண்டு, நவம்பர் 16 அன்று தாங்களே பாட்டை யூடியூப்பில் வெளியிட்டனர். சில வாரங்களுக்குள் அது கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. மாணவர்களும் மருத்துவர்களும் காவலர்களும் தத்தம் சொற்களைப் போட்டு அதைப் பாடி ஏற்றினார்கள். கட்டற்ற பரவலே அப்பாட்டுக்குப் புகழைத் தேடித் தந்தது.

படம் 2012 மார்ச் 30 அன்று திரைக்கு வந்தது. அதற்கு முதல் நாள், தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் இடைக்காலத் தடை பெற்றது. பி.எஸ்.என்.எல். உள்ளிட்ட இணையச் சேவை நிறுவனங்களோடு பெயர் தெரியாத நபர்களும் எதிர்த்தரப்பில் சேர்க்கப்பட்டனர். இப்படி யாரென்று தெரியாதவரை எதிரியாக்கிப் பெறும் ஆணையை மேல்நாட்டில் ‘ஜான் டோ’ ஆணை என்பர். நம் நாட்டில் அந்த முகமில்லாத மனிதருக்கு ‘அசோக் குமார்’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள்! 2002-ல் உலகக் கோப்பைக் கால்பந்து ஒளிபரப்பைத் திருட்டுத்தனமாகக் காட்டிய கேபிள்காரர்களுக்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையோடு இவ்வகை ஆணைகள் இங்கு அறிமுகமாயின.

‘3’ படத்துக்குப் பின் ஏப்ரலில் ‘தம்மு’ என்ற தெலுங்குப் படத்துக்கும் அதே போன்ற ஆணை கிடைத்தது. விளைவு மே மாதத்தில் தெரிந்தது. சேவை நிறுவனங்கள் திருட்டுப் படம் இருந்த பக்கங்களை மட்டும் அடைக்கவில்லை. விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுவதுமாகவே அடைத்துவிட்டன. விமியோ என்பது குறும்படக் கலைஞர்கள் பலர் தங்கள் சொந்தப் படைப்புகளை வைத்திருக்கும் தளம். நூலகத்தில் ஒரு திருட்டு நூல் இருக்கிறது என்பதற்காக நூலகத்தையே பூட்டியது போலாயிற்று. சேவை நிறுவனங்களுக்கும் காரணம் இருந்தது. எந்தப் பக்கத்தை அடைப்பது என்று ஆணையில் குறிப்பு இல்லை. அடைக்காமல் விட்டால் நீதிமன்ற அவமதிப்பு வந்து சேரும்.

2012 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தன் ஆணையைத் தெளிவுபடுத்தியது. தடை என்பது திருட்டுப் படம் உள்ள குறிப்பிட்ட பக்கத்துக்கு மட்டுமே, தளம் முழுவதற்கும் அன்று. உரிமையாளர் அப்பக்கத்தின் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த 48 மணி நேரத்துக்குள் சேவை நிறுவனம் அதை அடைக்க வேண்டும் என்றது. சுட்டிக்காட்டும் பொறுப்பு உரிமையாளருக்கு, அடைக்கும் பொறுப்பு சேவை நிறுவனத்துக்கு என்று பொறுப்பு பங்கிடப்பட்டது.

ஆனால் பாடம் முழுவதும் மனத்தில் பதிந்தது என்று சொல்வதற்கில்லை. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காகச் சென்னையில் பெறப்பட்ட ஆணைகளின்படி 2,600-க்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியல் அடைக்கப்பட்டது. பழைய இணையப் பக்கங்களையும் நூல்களையும் சேமித்து வைக்கும் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்ற உலக நூலகமும் அப்பட்டியலில் சிக்கிக்கொண்டது. திருட்டையே தொழிலாகக் கொண்ட தளங்களை அடைக்க வேண்டியது அவசியமே. 2019-ல் தில்லி உயர் நீதிமன்றம் அத்தகைய தளங்களை எப்படி இனம் காண்பது என்று சில அடையாளங்களை வகுத்துக் கொடுத்தது. திருடனுக்கும் நூலகருக்கும் வேறுபாடு காணாத வலையே ஆபத்தானது.

இணையதளம் ஓர் ‘இடம்’ ஆகுமா?

கொட்டகைக்காரர் விதி இணையதளத்துக்குப் பொருந்துமா என்ற வினாவுக்கு நேர்விடை தில்லியில் கிடைத்தது. ‘டி-சீரிஸ்’ என்ற பெயரில் பாடல்கள் வெளியிடும் சூப்பர் கேசட்ஸ் நிறுவனம், மைஸ்பேஸ் என்ற தளத்தின்மீது வழக்குத் தொடுத்திருந்தது. 2011 ஜூலையில் தனி நீதிபதி மைஸ்பேஸ் பொறுப்பு என்றார். தளமும் ஓர் இடமே. விளம்பரத்தால் ஆதாயம் வருகிறது. திருட்டுப் பாடல்கள் ஏறும் என்று அதற்குப் பொதுவாகத் தெரியும் என்பது அத்தீர்ப்பின் போக்கு.

2016 டிசம்பர் 23 அன்று அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு இத்தீர்ப்பை மாற்றியது. இணையதளம் ‘இடம்’ ஆகலாம் என்பதை அமர்வும் ஏற்றுக்கொண்டது. ஆனால் ‘அறிவு’ என்பதற்கு அது வேறு பொருள் கண்டது. கணக்கற்ற பதிவுகள் தாமாக ஏறி இறங்கும் தளத்தில், ‘எங்கோ திருட்டு இருக்கும்’ என்ற பொதுவான எண்ணம் அறிவாகாது. இன்ன பதிவு என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். உரிமையாளர் குறித்துக் காட்டினால் 36 மணி நேரத்தில் நீக்க வேண்டும். நீக்காவிட்டால் பாதுகாப்பு போய்விடும். ‘இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்’ என்பது பழமொழி. இடம் கொடுத்தவர் மடம் பறிபோவதை அறிந்தும் வாளாவிருந்தால் அவரும் உடந்தையே என்பது இத்தீர்ப்பின் பொருள்.

இதற்கிடையே 2012-ஆம் ஆண்டின் திருத்தம் பதிப்புரிமைச் சட்டத்திலேயே ஒரு நடைமுறையைச் சேர்த்திருந்தது. பிறர் பதிவைத் தற்காலிகமாகச் சேமித்துக் கடத்தும் நிறுவனத்துக்கு உரிமையாளர் எழுத்து மூலம் புகார் கொடுத்தால், அது 21 நாள் அப்பதிவைத் தடுத்து வைக்க வேண்டும். அதற்குள் உரிமையாளர் நீதிமன்ற ஆணை பெற்று வராவிட்டால் தடையை விலக்கிக்கொள்ளலாம். புகார் மட்டுமே தீர்ப்பாகிவிடாது என்ற நல்ல கருத்து இதில் அடங்கியுள்ளது.

ஒலியின் கைரேகை

நீதிமன்றங்கள் ‘அறிவு’ என்பது என்ன என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பொறியியலாளர்கள் அவ்வறிவை இயந்திரத்துக்கே கொடுக்க முற்பட்டனர். நிமிடத்துக்கு 500 மணி நேர வீடியோ ஏறும் தளத்தை மனிதர் உட்கார்ந்து பார்த்து முடிக்க இயலாது. 2007-ல் யூடியூப் தானே பாட்டை இனங்காணும் முறை ஒன்றைச் சோதனை முறையில் தொடங்கியது. அதன் முழு நுணுக்கங்களை நிறுவனம் வெளியிடுவதில்லை. ஆனால் இவ்வகை முறைகளின் அடிப்படை மேல்நிலை வகுப்பு இயற்பியல் படித்தவர்களுக்கு எளிதில் விளங்கக்கூடியதே.

1822-ல் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியர், வெப்பம் பரவுவதைப் பற்றிய தம் நூலில் ஒரு வியப்பான உண்மையை வெளியிட்டார். எவ்வளவு சிக்கலான அலையையும் எளிய சைன் அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்பதே அது. முப்பட்டகம் வெள்ளொளியை நிறங்களாகப் பிரிப்பது போல, ஃபூரியரின் கணிதம் ஒலியை அதன் அதிர்வெண்களாகப் பிரிக்கிறது. 1965-ல் இக்கணக்கை மிக விரைவாகச் செய்யும் வழி கணிப்பொறிக்கு ஏற்ப வகுக்கப்பட்டது.

ஒரு பாட்டைச் சிறு சிறு கணங்களாக நறுக்கி, ஒவ்வொரு கணத்திலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு வீச்சோடு இருக்கிறது என்று கணக்கிடுகிறோம். கிடைமட்டத்தில் காலமும் செங்குத்தில் அதிர்வெண்ணும் கொண்ட வரைபடத்தில் மிக வலுவான புள்ளிகளை மட்டும் குறித்துக்கொள்கிறோம். கிடைப்பது இரவு வானத்து விண்மீன் கூட்டம் போன்ற ஒரு படம். இரண்டு புள்ளிகளின் அதிர்வெண்களையும் அவற்றுக்கு இடையிலுள்ள கால இடைவெளியையும் சேர்த்து ஓர் எண்ணாக்கலாம். இப்படி ஒரு பாட்டுக்கு ஆயிரக்கணக்கான எண்கள் கிடைக்கும். அதுவே அப்பாட்டின் கைரேகை. 2003-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இம்முறையை விளக்கியது. கடையில் ஒலிக்கும் பாட்டைக் கைபேசியில் பிடித்து இன்ன பாட்டு என்று சொல்லும் ‘ஷசாம்’ என்ற கருவி இவ்வாறே இயங்கியது.

சுற்றிலும் இரைச்சல் இருந்தாலும் இம்முறை தவறுவதில்லை. விளக்கொளி மிகுந்த ஊரில் மங்கிய விண்மீன்கள் மறைந்தாலும் பிரகாசமானவை தெரிகின்றன அல்லவா? அதுபோல வலுவான புள்ளிகள் இரைச்சலிலும் பிழைத்திருக்கும். ஆனால் பாட்டின் வேகத்தைச் சிறிது கூட்டினால் அதிர்வெண்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் நகர்ந்துவிடும், கால இடைவெளியும் சுருங்கும், எண்கள் மாறிவிடும். திருட்டுப் பதிவுகள் சில விநோதமான குரலில் ஒலிப்பதன் மர்மம் இதுதான். கைரேகை முறைகளும் இதற்கேற்ப மேன்மேலும் திருத்தப்பட்டு வருகின்றன.

கைரேகை பொருந்தியதும் பாட்டின் உரிமையாளர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வீடியோவைத் தடுக்கலாம்; விட்டுவைத்து விளம்பர வருவாயைத் தாம் பெறலாம்; அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கவனித்து மட்டும் வரலாம்.

இயந்திரம் அறியாதவை

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. கண்டாச்சிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் திரௌபதி அம்மன் திருவிழா என்று கொள்வோம். விடிய விடியத் தெருக்கூத்து நடக்கிறது. ஓர் இளைஞர் அதைக் கைபேசியில் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறார். இடையே தேநீர்க் கடை ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு இரண்டு நிமிடம் கேட்கிறது. இயந்திரம் என்ன செய்யும்? பாட்டின் கைரேகை அதனிடம் இருக்கிறது. ஆகவே இரண்டு நிமிடப் பாட்டைக் கண்டுபிடித்து அதன் உரிமையாளருக்குச் செய்தி சொல்லும். அவர் கோரினால் விளம்பர வருவாயும் அவரிடம் போய்ச் சேரக்கூடும்.

இரவெல்லாம் ஆடிப் பாடிய கூத்துக் கலைஞர்கள்? அவர்களுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. 1994-ஆம் ஆண்டின் திருத்தம் நிகழ்த்துவோர் உரிமை என்ற ஒன்றை ஏற்படுத்தியது. நடிகர், பாடகர், ஆடுபவர் மட்டுமல்லாமல் கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, சொற்பொழிவாளர் வரை அப்பட்டியலில் இருக்கிறார்கள். இவ்வுரிமை இன்று 50 ஆண்டுகள் நீடிக்கிறது. ஆயினும் கூத்துக் கலைஞரின் கைரேகை எந்தச் சேமிப்பிலும் இல்லை. அதனால் அவரை இயந்திரம் அறியாது. அவருடைய அனுமதியைக் கேட்க வேண்டும் என்று ஏற்றியவருக்கும் தோன்றுவதில்லை. சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் உரிமையாளர். இயந்திரத்தின் கண்ணுக்கு ஒருவர் மட்டுமே.

இயந்திரம் அறியாத மற்றொன்று சூழ்நிலை. ஒரு பாட்டைத் திருடிப் போடுவதற்கும், விமர்சனத்துக்காக அதில் சில விநாடிகளை எடுத்துக்காட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனம், ஆய்வு, செய்தி ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. கல்வி கற்பிக்கும்போது ஆசிரியரும் மாணவரும் பயன்படுத்துவதற்கும் தனி விலக்கு அளிக்கிறது. அதிர்வெண் வரைபடத்தில் நோக்கத்தைக் குறிக்கும் அச்சு எதுவும் இல்லையே! 2018-ல் வெளியான ஒரு செய்தி இயற்பியல் மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் ஒருவர் தாமே உண்டாக்கிய வெண் இரைச்சலைப் பத்து மணி நேர வீடியோவாக ஏற்றியிருந்தார். எல்லா அதிர்வெண்களும் சம அளவில் கலந்த அந்த வெறும் இரைச்சலுக்கு ஐந்து உரிமைக் கோரிக்கைகள் வந்தன!

எண்களையும் பார்ப்போம். 2021-ன் முதல் ஆறு மாதங்களில் இக்கைரேகை முறையால் எழுந்த கோரிக்கைகள் சுமார் 72 கோடியே 20 லட்சம் என்று யூடியூப் வெளியிட்டது. அவற்றில் ஏற்றியவர்கள் மறுப்புத் தெரிவித்தவை சுமார் 22 லட்சம் மட்டுமே. அம்மறுப்புகளில் 60 விழுக்காடு ஏற்றியவருக்குச் சாதகமாக முடிந்தன. மறுப்புகள் மிகக் குறைவாக இருப்பதால் கோரிக்கைகள் பெரும்பாலும் சரியானவை என்று நிறுவனம் கருதலாம். ஆனால் மறுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வென்றிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மறுக்கலாம் என்று தெரியாமலும், மறுக்க அஞ்சியும் இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ?

ஒரு பாட்டில் எத்தனை உரிமைகள்?

மாணவர்கள் பலருக்குக் குழப்பம் தரும் செய்தி ஒன்றையும் இங்கே தெளிவாக்குவது நல்லது. ஒரு பாட்டில் சொற்களுக்கு ஓர் உரிமை, இசைக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு மற்றோர் உரிமை என்று தனித்தனியே உண்டு. பாரதியார் பாடல்களை எடுத்துக்கொள்வோம். 1940-களில் அவற்றின் இசைத்தட்டு உரிமை ஒரு திரைப்பட நிறுவனத்திடம் இருந்தது. பாரதி மக்களின் சொத்து என்று தமிழகமெங்கும் குரல் எழுந்தது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த காலத்தில், பாரதி படைப்புகளின் உரிமையை அரசே ஏற்பது என்று 1949-ல் முடிவாயிற்று. பின்னர் அவை மக்களுக்கே பொதுவாக்கப்பட்டன. இன்று பாரதியின் சொற்களை எவரும் பாடி ஏற்றலாம். ஆனால் அண்மையில் ஒரு நிறுவனம் வெளியிட்ட பாரதி பாடலின் ஒலிப்பதிவை எடுத்து ஏற்றினால் அது தவறாகும். ஒலிப்பதிவின் உரிமை, வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். நாமே பாடினால் குற்றமில்லை; பிறர் பாடியதை எடுத்தால் அனுமதி வேண்டும்.

பொறுப்பை யார் சுமப்பது?

நூறாண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று புலனாகிறது. பொறுப்பு என்பது இடத்தைக் கொடுத்த அந்தக் கணத்தில் பிறப்பதில்லை. தவறு என்று அறிந்த கணத்தில் பிறக்கிறது. கொட்டகைக்காரருக்கு வகுத்த விதி இதுவே. சென்னையிலும் தில்லியிலும் நீதிமன்றங்கள் வந்து சேர்ந்த இடமும் இதுவே. இன்று அறிவதை இயந்திரத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். அது ஒலியை அறியும், நியாயத்தை அறியாது. ஆகவே இயந்திரம் சொன்னது என்று தளம் கைகழுவிவிட முடியாது. மறுப்பு வந்தால் ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்வது தளத்தின் கடமை. 2021-ஆம் ஆண்டின் விதிகள் பெரிய தளங்கள் இந்தியாவில் வசிக்கும் குறைதீர்ப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்று கூறுவதன் நோக்கம் அதுவே. தமக்கு உரிமை இல்லாததைத் தம்முடையது என்று கோராதிருப்பது உரிமையாளரின் கடமை.

வீடியோ ஏற்றும் மாணவர்களுக்கும் கடமை உண்டு. பாடத்தையோ பரிசோதனையையோ படம் பிடிக்கும்போது பின்னணிக்குச் சினிமாப் பாட்டைத் தேட வேண்டியதில்லை. நண்பர் ஒருவர் புல்லாங்குழல் வாசித்தால் போதும். பிறர் படைப்பு தேவைப்பட்டால், ஆக்கியவரே பொதுப் பயனுக்கு விட்டவற்றையும், தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களையும் நாடலாம். கூத்தையோ சொற்பொழிவையோ பதிவு செய்யும்போது கலைஞரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் பெயரையும் ஊரையும் வீடியோவோடு எழுதி வையுங்கள். அச்சகத்தின் பெயரை முதற்பக்கத்தில் கேட்ட 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நல்ல அம்சம் அதுதான். உங்கள் சொந்தப் பதிவு தவறாகத் தடுக்கப்பட்டால் அஞ்சாமல், காரணம் காட்டி மறுப்பு எழுதுங்கள். சட்டம் அந்த வாய்ப்பை உங்களுக்கு அளித்திருக்கிறது.